தார் ரோட்டுச் சலாம்

எங்கள் வீட்டுக் குதிரை சலாம் வைக்கும். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரைக்கும் கல்யாணமோ, காதுகுத்தோ, மஞ்சள் நீராட்டோ, எங்கே பேண்டு வாத்தியம் முழங்கினாலும் "சலாம் குதிரை வருதா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். மாப்பிள்ளை என்ன படித்திருக்கிறான் என்பதெல்லாம் அப்புறம். வெள்ளைப் பெட்டைக் குதிரை. மேளத்துக்குக் கால் மாற்றி மாற்றித் தார் ரோட்டில் டக்கு டக்கென்று ஆடும். மேளம் சட்டென்று நிற்கும். என் வீட்டுக்காரர் அதன் தோளில் ஒரு தட்டுத் தட்டி, "சலாம் வை கண்ணு" என்பார். வலது முன்னங்காலை மடக்கித் தூக்கிக்கொண்டு அப்படியே நிற்கும். கூட்டம் விசிலடிக்கும். மாப்பிள்ளை பயந்துபோய்ப் பிடரி மயிரைப் பிடித்துக்கொள்வான்.

இந்த வித்தையை நாங்கள் கற்றுக்கொடுக்கவில்லை. விற்றவனே "சலாம் தெரிஞ்ச குதிரைங்க" என்று சொல்லித்தான் விற்றான். ரோட்டில் கொஞ்ச தூரம் ஆடவிட்டு, நிறுத்தி, தோளில் தட்டிக் காட்டினான். தூக்கியது. அந்த இடத்திலேயே இவர் மயங்கிவிட்டார். என்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கு இப்படி மயங்கியிருந்தால் என் தலையெழுத்தே வேறாக இருந்திருக்கும். அன்றைக்குப் பஜ்ஜியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், மகராசன்.

அவருக்கு அதில் ஒரு தொழில் சூட்சுமமும் தெரியும். "மண்ணு ரோட்டுல சலாம் வராது. தார் ரோட்டுல நல்லா ஆடவுட்டு நிறுத்தினாத்தான் வரும். மண்ணுல வைக்கிறது அதுக்குக் கௌரவக் கொறச்சல்" என்பார். கெடார் பக்கம் ஒரு தடவை கரும்புத் தோட்டத்துக்கு நடுவில் புழுதிப் பாதையில் ஊர்வலம். எத்தனை தட்டியும் வைக்கவில்லை. "பாத்தியா, ராணி மாதிரி" என்று பெருமையாகச் சொன்னார். பேண்டுக்காரர்களும் தலையாட்டினார்கள். அதிலிருந்து புக்கிங் எடுக்கும்போதே, "உங்க தெருவு தாரா, மண்ணா?" என்று கேட்டுக்கொள்வார்.

என் பங்கு தையல். ஊருக்கு ஜாக்கெட் தைக்கிற மிஷினில்தான் அதற்கும் தைப்பேன். சிவப்பு வெல்வெட்டில் முதுகுத்துணி, ஓரத்துக்கு ஜரிகை, நெற்றிக்குச் சம்கி, நாலு காலுக்கும் சலங்கைப் பட்டை. எனக்குப் பிள்ளை இல்லை. அந்தக் குறையை அதன் மேல் தைத்தேன் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். ஆனால் மறுக்க மாட்டேன்.

போன வருஷம் மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, பிடுங்குகிற சமயத்தில் ஆரம்பித்தது. கொல்லையில் மல்லாட்டைக் கொடியைத் தின்றுகொண்டு சும்மா நிற்கிறபோதே வலது காலைத் தூக்கியது. மேளமும் இல்லை, தட்டலும் இல்லை. இவர் ஓடிவந்து என்னைக் கூப்பிட்டார்.

"இன்னாமே, வந்து பாரு! சொல்லாமலே வைக்குது. மண்ணுலயே வைக்குது!"

நானும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்துச் சிரித்தேன். இரண்டு பேரும் பதிலுக்குச் சலாம் வைத்தோம். கிறுக்கு ஜென்மங்கள்.

கொஞ்ச நாளில் அந்தக் காலின் முட்டி வீங்கியது. கை வைத்தால் சுட்டது. காலையில் கட்டுத்தறியை விட்டு நகர்வதற்குள் அது படுகிற பாட்டைப் பார்க்க முடியாது. தலையை மேலே தூக்கித் தூக்கி நொண்டும். கொஞ்சம் நடந்த பிறகு சரியாகிவிடும். "காத்துப் பிடிப்பு. நடந்தா வுட்டுரும்" என்றார் இவர். நான் முடக்கத்தான் கீரையை அரைத்துக் கொள்ளோடு கலந்து வைத்தேன். நொச்சி இலையை வதக்கி ஒத்தடம் கொடுத்தேன். ஒத்தடம் கொடுக்கும்போது காலை என் மடிமேல் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்ளும். எடுத்தால் முகத்தால் என் தோளை இடிக்கும்.

இந்த லட்சணத்தில்தான் என் நாத்தனார் வளவனூரிலிருந்து வந்தாள். இவருடைய தங்கை. புருஷனை இழந்து, ஒரே பிள்ளையை வளர்த்து ஆளாக்கியவள். அந்தப் பிள்ளைக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. எங்கள் வேதக்காரர்களில், கிறிஸ்தவர்களில், கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஓலை வாசிப்பார்கள், இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் என்று. முதல் ஓலை அந்த ஞாயிறு. காப்பியைக்கூடக் குடிக்காமல் விஷயத்துக்கு வந்தாள்.

"அண்ணா, ஊர்ல கீற பிள்ளைங்களயெல்லாம் உன் குதிரை மேல ஏத்தி அனுப்புன. என் பிள்ளைக்கு மட்டும் காரா? தாய்மாமன் குதிரை வரலைன்னா சம்பந்தி வூட்டுல இன்னா நெனைப்பாங்க? அவங்க அப்பா இருந்திருந்தா நான் உன்னக் கேப்பனா?"

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். போச்சு. அவள் கண் கலங்கினால் இவர் உப்பு மாதிரி கரைந்துவிடுவார்.

"பாப்பா, குதிரைக்குக் கால் சரியில்லம்மா. நீயே வந்து கண்ணால பாரு" என்று நான் அவளைக் கொல்லைக்கு இழுத்துக்கொண்டு போனேன். அந்த நேரம் பார்த்து அது காலைத் தூக்கி நின்றது. அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"அதான் சலாம் வைக்குதே, அண்ணி!"

நான் வாயைத் திறப்பதற்குள் இவர், "நான் கூட்டியாறேன், நீ கவலப்படாம போ" என்று வாக்குக் கொடுத்துவிட்டார். தாய்மாமன் வாக்கு. அதற்கப்புறம் வீட்டில் என் பேச்சு எடுபடவில்லை. அந்தக் கல்யாணத்துக்குள் அதன் கால் சரியாக வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் காலோடேயே கூட்டிக்கொண்டு போய்விடுவார். மூன்று ஓலைதான் கெடு.

முதல் ஓலை வாசித்த அன்று பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் காணிக்கைக் கடைக்குப் போனேன். தகட்டில் அடித்த கண், காது, கை, கால், தொட்டில், வீடு எல்லாம் வைத்திருப்பார்கள். எந்த இடத்தில் நோவோ அந்த உருவத்தை வாங்கிப் பீடத்தில் வைத்து வேண்டிக்கொள்வது வழக்கம். மாடுகூட இருந்தது. குதிரை இல்லை.

"குதிரைக் கால் இருக்குங்களா?" என்று கேட்டேன். கடைக்காரம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். கடைசியில் மனுஷக் கால் ஒன்றை வாங்கிப் பீடத்தில் வைத்தேன். "மாதாவே, இது மனுஷக் கால்தான். நீயே பார்த்து மாத்திக்கோ. அந்த முட்டியைச் சரி பண்ணிக் கொடு தாயே" என்று அழுதேன். பக்கத்தில் முழந்தாளிட்டிருந்த அம்மா எனக்குத்தான் மூட்டு வலி என்று நினைத்து ஒரு எண்ணெயின் பெயரைச் சொன்னாள்.

அடுத்த நாள் குட்டியானை வண்டியில் ஏற்றி விழுப்புரத்துக்குக் கொண்டுபோனோம். குட்டியானை என்றால் சின்ன சரக்கு வண்டி, வேறொன்றுமில்லை. கால்நடை டாக்டரம்மா சின்ன வயது. சிடுசிடுப்பு இல்லாதவர். குதிரைக்குச் சன்னமாக மயக்க ஊசி போட்டார். அது தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு தூங்கி வழிந்தது. முட்டியைத் தடவினார், மடக்கினார், படம் எடுத்தார். எடுத்துக்கொண்டே இவரிடம் கேட்டார்.

"நிக்கும்போது இந்தக் காலைத் தூக்கி வச்சுக்குதா ஐயா?"

"இல்லீங்க. அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்றார் இவர்.

"தூக்குங்க டாக்டர்…" என்று நான் வாயைத் திறந்தேன். இவர் என் பக்கம் திரும்பிப் பல்லைக் கடித்தார். "அது சலாம்மே. டாக்டர் நொண்டுறதக் கேக்குறாங்க. சும்மா இரு." அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குச் சலாம் வேறு, நோவு வேறு. எனக்கும் அப்போது அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது.

டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் காட்டினார். இரண்டு எலும்புக்கும் நடுவில் பென்சிலால் தொட்டார்.

"இங்க ஒரு இடைவெளி தெரியணும்மா. குருத்தெலும்பு படத்துல விழாது. அது இருக்கிற இடம் வெறும் சந்து மாதிரி தெரியும். இதுல சந்தே இல்ல பாருங்க. குருத்தெலும்பு தேய்ஞ்சு போச்சு. எலும்பு மேல எலும்பு உட்கார்ந்திருக்கு."

பிறகு ஊசியால் மூட்டுக்குள்ளிருந்து கொஞ்சம் நீர் எடுத்தார். நல்ல மூட்டு நீர் வெண்டைக்காய் மாதிரி இழுபடுமாம். இது ஊசி முனையிலிருந்து தண்ணீர் மாதிரி சொட்டியது. மூட்டுக்குள் புண்ணாகிப் புண்ணாகி அந்தப் பசை கெட்டுவிட்டது, கெட்ட நீரே குருத்தெலும்பை அரிக்கிறது, அரித்த தூள் மறுபடியும் புண்ணாக்குகிறது என்றார்.

"திரும்ப வளராதுங்களா?" என்றேன்.

"குருத்தெலும்புக்கு ரத்த ஓட்டம் கிடையாதும்மா. போனது போனதுதான். அதுக்கு நரம்பும் கிடையாது. அதனால தேயத் தொடங்கும்போது அதுக்கு வலிக்கிறதே இல்ல. சுத்தியிருக்கிற சவ்வும் கீழ இருக்கிற எலும்பும் கெடும்போதுதான் வலி வரும். இது இன்னிக்கு நேத்து வந்ததில்ல. பல வருஷமா இருக்கு. நீங்க வாங்கும்போதேகூட இருந்திருக்கும்."

"வாங்கும்போது டாப்பா இருந்துச்சுங்க. ஆடிச்சு" என்றார் இவர்.

டாக்டரம்மா என்னைப் பார்த்து, "கையை மேஜை மேல ஊன்றிச் சாயுங்கம்மா" என்றார். சாய்ந்தேன். "மணிக்கட்டுல பாரம் தெரியுதா? குதிரையோட முன்னங்கால் முட்டின்னு நாம சொல்றது நம்ம மணிக்கட்டு. அதை ஊன்றிக்கிட்டுத் தார் ரோட்டுல மணிக்கணக்கா ஆடுது. மேல ஒரு ஆளையும் சுமந்துக்கிட்டு." நான் கையை எடுத்துக்கொண்டேன். இதுதான் எனக்கு முதலில் தோன்றியது: மாதாவிடம் தப்பான உருவத்தை வைத்துவிட்டேன். கால் இல்லை, கை வைத்திருக்க வேண்டும்! அடுத்த ஞாயிறு, இரண்டாவது ஓலை அன்று, ஒரு கையும் வாங்கி வைத்தேன். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். அப்போது எனக்கு வேறு என்ன தெரியும்?

வீக்கம் குறைய மருந்து கொடுத்தார். ஓய்வு, மெத்தென்ற தரை, முடிந்தால் குளிர்ந்த தண்ணீரில் நிறுத்துங்கள் என்றார். திண்டிவனத்தில் குதிரை நிற்கிற அளவுக்குத் தண்ணீருக்கு நான் எங்கே போவேன்? பொம்மையார்பாளையத்துக்குக் கடலுக்கே கொண்டுபோனோம். விடிந்து வெயில் ஏறுவதற்குள் போய்விட வேண்டும். இல்லாவிட்டால் வெளியூர்க்காரர்கள் போனைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். வலையை உதறிக்கொண்டிருந்த ஒரு மீன்காரர் முதல் நாள், "இன்னாய்யா, மீனுக்குப் போட்டியா குதிரையையும் எறக்கிட்டீங்களா?" என்றார். விஷயத்தைச் சொன்னதும் அவரே வந்து அலை அடிக்காத இடம் பார்த்து நிறுத்திக் கொடுத்தார்.

நெஞ்சளவு தண்ணீரில் அது நின்றதை நான் மறக்க மாட்டேன். உடம்பின் பாரத்தைக் கடல் வாங்கிக்கொண்டது. காதுகளை முன்னால் நீட்டிக்கொண்டு, தண்ணீருக்குள் நாலு காலையும் ஊன்றி நின்றது. நானும் புடவையைச் செருகிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நின்று பார்த்தேன். வலது கால் மணலிலேயே இருந்தது.

"இன்னாங்க, இங்க சலாமே வைக்கலியே" என்றேன்.

"கடல்ல யாருக்கும்மே வைக்கும்? கப்பலுக்கா?" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். அப்படி ஒரு நிம்மதி அன்றைக்கு.

கடல் வலியை வாங்கிக்கொண்டது. மூட்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை. கரையேறியதும் நொண்டியது. நாலைந்து தடவை போய்வந்ததும் வண்டியில் ஏறவே மாட்டேன் என்று நின்றுவிட்டது. ஏற்றும்போது அந்தக் காலில்தானே மொத்தப் பாரமும் விழும். வாயில்லா ஜீவன், கண்ணால் என்னைப் பார்த்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அங்கேயே இவரோடு சண்டை போட்டேன். "உன் தங்கச்சிக்குப் போன் போடு. காருல போவச் சொல்லு. மானம் போனா போவட்டும்!" இவர் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மூன்றாவது ஓலைக்கு முந்தின வாரத்தில் டாக்டரம்மா வீட்டுக்கே வந்து மூட்டுக்குள் ஊசி போட்டார். வலியையும் புண்ணையும் அடக்குகிற ஊசி. போட்டுவிட்டு எங்கள் இரண்டு பேரையும் நிற்க வைத்துத் தெளிவாகச் சொன்னார்.

"இது மருந்துதான், புது மூட்டு இல்ல. இப்போ வலி தெரியாது. வலி தெரியலைன்னா அது பாட்டுக்கு அழுத்தி மிதிக்கும். மிச்சம் மீதி இருக்கிறதும் போயிடும். அதனால ஆட விடக்கூடாது. யாரையும் ஏத்தக்கூடாது. சத்தியமா சொல்றேன், அப்புறம் என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

இவர் தலையைத் தலையை ஆட்டினார். நான் அந்த ஆட்டலை நம்பவில்லை. முப்பது வருஷமாய் அந்தத் தலையைப் பார்க்கிறேன்.

சில நாளில் வீக்கம் வடிந்தது. கொல்லையில் நாலு காலும் ஊன்றி நின்றது. தவிட்டுத் தொட்டியைக் கவிழ்த்தது. என் பாவாடைக் கயிற்றைப் பிடித்து இழுத்தது. பழைய குதிரை! இவருக்கு ஆனந்தத்தில் கால் தரையில் பாவவில்லை. "சரியாயிட்டா பாரு! டாக்டருங்க அப்படித்தான் பயமுறுத்துவாங்க. ஒரே ஒரு ஊர்வலம்மே. தெருமுனையிலருந்து கோயிலு வரைக்கும். அப்புறம் சாவுற வரைக்கும் ஒக்காத்தி வச்சுச் சோறு போடலாம்" என்றார். முட்டியில் மிச்சமிருந்த வீக்கம் தெரியாதபடி அகலமாக ஒரு சலங்கைப் பட்டை தைத்துத் தரச் சொன்னார்.

"என் கையால தைக்க மாட்டேன்" என்றேன். "நீங்களே ஊசியெடுத்துக் குத்திக்கோங்க. அதுக்கும் குத்துங்க, எனக்கும் குத்துங்க."

கல்யாணத்தன்று காலையில் அவருடைய வேட்டிக் கரையைக் கிழித்து அவரே கோணல்மாணலாகச் சுற்றிக் கட்டி, வண்டியில் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போனார். நான் கட்டுத்தறியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். அக்கம்பக்கம் எல்லாம் வந்து பார்த்தது. "நல்ல நாள் அதுவுமா இன்னாக்கா இது" என்று என்னைத்தான் அடக்கினார்கள். பிறகு நானும் சீர்த்தட்டைத் தூக்கிக்கொண்டு வளவனூர் பஸ் ஏறினேன். அது அங்கே தனியாக இருக்கக்கூடாது என்றுதான் போனேன்.

சாயங்காலப் பூசை. வெயில் இன்னும் இறங்கவில்லை. தார் ரோடு கொதித்துக்கொண்டிருந்தது. பேண்டு முழங்கியதும் அது ஆடியது பாருங்கள், அந்த மாதிரி ஆட்டத்தை நான் பார்த்ததே இல்லை. வாங்கின புதிதில்கூட அப்படி ஆடியதில்லை. வலது காலை ஓங்கி ஓங்கி மிதித்தது. ஒவ்வொரு மிதிக்கும் எலும்பு மேல் எலும்பு என்று டாக்டரம்மா சொன்னது என் காதில் இடித்தது. மேலே மாப்பிள்ளை கோட்டு சூட்டில் சிரித்துக்கொண்டிருந்தான். நாத்தனார் கூட்டத்துக்கு நடுவில் அண்ணனைப் பார்த்துக் கும்பிட்டாள். நான் தட்டைப் பிடித்துக்கொண்டு அழுதேன். மருமகன் கல்யாணத்தில் அத்தை ஆனந்தக் கண்ணீர் விடுகிறாள் என்று நினைத்திருப்பார்கள்.

கோயில் வாசலில் மேளம் நின்றது. "சலாம்! சலாம்!" என்று கூட்டம் கத்தியது. போன்கள் எல்லாம் உயர்ந்தன. இவர் தோளில் தட்டினார். "சலாம் வை கண்ணு."

அது நின்றது. நாலு காலையும் தாரில் ஊன்றி, மூச்சு வாங்கிக்கொண்டு, நேராக நின்றது.

மறுபடியும் தட்டினார். "இன்னா கண்ணு, நம்ம பிள்ளைக்கு வை." காதை மட்டும் அவர் பக்கம் திருப்பியது. அவர் சொல்வது என்னவென்றே அதற்குத் தெரியவில்லை. நன்றாக ஆடவிட்டு நிறுத்தியாகிவிட்டது. கீழே தார் ரோடு. எல்லாம் அவருடைய கணக்குப்படிதான் இருந்தது. வலி ஒன்றுதான் இல்லை.

எனக்குக் கடல் ஞாபகம் வந்தது. கெடார் புழுதிப் பாதை ஞாபகம் வந்தது. மடிமேல் காலை வைத்துக்கொண்டு கண்ணை மூடியது ஞாபகம் வந்தது. ஐயோ, மாதாவே! அதற்குச் சலாமே தெரியாது. ஒரு நாளும் தெரிந்ததில்லை. தாரில் ஆடி ஆடி முட்டி நோகும், மேளம் நின்றதும் நோகிற காலைத் தூக்கிக்கொள்ளும். விற்றவனுக்குத் தெரிந்திருக்கிறது. நாங்கள்தான் இத்தனை வருஷமாய் ஊர் ஊராகக் கூட்டிக்கொண்டு போய் அதன் வலியைக் காட்டிக் கைதட்டு வாங்கியிருக்கிறோம்.

தட்டிய கை அதன் தோளிலேயே இருக்க, இவர் கூட்டத்தில் என்னைத் தேடினார். கண்டுபிடித்தார். என் முகத்தைப் பார்த்ததுமே அவருக்கும் புரிந்துவிட்டது. அவர் முகத்தில் ரத்தம் இல்லை. யாரோ பின்னாலிருந்து, "குதிரைக்கு வயசாயிடிச்சுப்பா, மறந்துட்டுது" என்றார்கள். கூட்டம் சிரித்தது. மாப்பிள்ளையை இறக்கிக் கோயிலுக்குள் கூட்டிக்கொண்டு போனார்கள். தாய்மாமன் உள்ளே போகவில்லை. தார் ரோட்டில் உட்கார்ந்து, அந்த வேட்டிக் கரையை அவிழ்க்க முடியாமல் பல்லால் கடித்து இழுத்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு நடந்தது டாக்டரம்மா சொன்னதுதான். ஊசியின் வேகம் இறங்க இறங்க முட்டி இரண்டு மடங்கு வீங்கியது. வலது காலைத் தரையில் வைக்கவே இல்லை. எல்லாப் பாரத்தையும் இடது கால் தாங்கித் தாங்கி அந்தக் குளம்பும் சூடேறியது. நல்ல காலும் போயிற்று. தீனி எடுக்கவில்லை. கொள்ளு ஊறி ஊறிப் புளித்தது. உடம்பெல்லாம் வேர்வையாய் நிற்கும். ஈ மொய்த்தால் விரட்டக்கூட நகராது. இவர் வேலைக்குப் போகவில்லை, ஷேவ் பண்ணவில்லை. ஒரு முக்காலியைப் போட்டு அதன் காலுக்குக் கீழே உட்கார்ந்து, அந்தக் காலைத் தன் தொடைமேல் வாங்கிக்கொள்வார். கால் மரத்துப்போனாலும் எழுந்திருக்க மாட்டார். நான்தான் போய் மாற்றி உட்காருவேன்.

"எத்தினி கல்யாணம்மே" என்பார். "அத்தினி பேரும் விசிலடிச்சாங்களே. நான்தானே தட்டுனேன்."

திட்டலாம் என்றாலும் வாய் வரவில்லை. எனக்குத் திட்ட வாய் வராத நாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேலிக்கு அந்தப் பக்கம் ரோட்டில் பைக்கில் போகிறவர்கள் வேகத்தைக் குறைப்பார்கள். தூக்கிய காலோடு அது நிற்பதைப் பார்த்துவிட்டு நெற்றியில் கை வைத்துப் பதிலுக்குச் சலாம் வைப்பார்கள். பழக்கம். ஒரு நாள் இவர் கல்லை எடுத்துக்கொண்டு ஓடினார். "கைய எறக்குடா! சலாம் இல்லடா அது! நோவுதுடா அதுக்கு!" பைக்கில் வந்தவர் பயந்து ஓடிவிட்டார். இவர் ரோட்டு நடுவிலேயே நின்று குழந்தை மாதிரி அழுதார். லாரி ஹாரன் அடித்தும் நகரவில்லை.

டாக்டரம்மா வந்து பார்த்தார். மறுபடி படம் எடுக்கவில்லை. "இனிமே ஊசி போட்டும் பிரயோஜனம் இல்லம்மா. கீழ விழுந்துட்டா எழுந்திருக்காது. வயிறு அமுங்கி, மூச்சு முட்டி, ரொம்பக் கஷ்டப்படும். அதுக்கு முன்னாடி நாமளே நிம்மதியா அனுப்பி வச்சுடலாம்" என்றார். இவர், "முடியாதுங்க" என்றார். "நான் சாவுற வரைக்கும் இப்படியே பிடிச்சுக்கினு ஒக்காந்திருக்கேன்" என்றார். டாக்டரம்மா அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. போன் பண்ணுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் மாதாவிடம் போகவில்லை. கடையில் எந்த உருவத்தை வாங்குவது?

பிறகு ஒரு காலையில் நான் தவிடு கொண்டுபோனபோது அது பல்லைக் கடித்துக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தது. இவர் என்னைப் பார்க்காமலே, "போன் போடு" என்றார்.

டாக்டரம்மா பையைத் திறக்கும்போது இவர் கிட்டே போய்க் கைகட்டிக்கொண்டு நின்றார்.

"டாக்டரம்மா, அனுப்புற ஊசிக்கு முன்னாடி, மரத்துப்போற ஊசி ஒண்ணு போடுவீங்களா? ரெண்டு காலுக்கும். கொஞ்ச நேரம் நாலு காலும் ஊணி நிக்கட்டும். நோவு இல்லாம நின்னுக்கினு போவட்டும்."

டாக்டரம்மா குனிந்து வலது காலிலும் இடது காலிலும் ஊசி போட்டார். காத்திருந்தோம். நான் வெல்வெட் துணியைக் கொண்டுவந்து போர்த்தலாமா என்று நினைத்து, வேண்டாம் என்று விட்டுவிட்டேன். நடுக்கம் நின்றது. பிறகு அந்த வலது கால் மெல்ல இறங்கியது. முதலில் குளம்பு முனை மண்ணைத் தொட்டது. எடுத்தது. மறுபடி தொட்டது. முழுக்க ஊன்றியது. பெருமூச்சு விட்டுத் தலையை உதறிக்கொண்டது. கடலில் நின்ற மாதிரி நின்றது.

இவருடைய கை பழக்கத்தில் அதன் தோள் பக்கம் போனது. பாதியில் நின்றது. தட்டவில்லை. அப்படியே மெதுவாக வைத்துத் தடவினார்.

"வைக்காத கண்ணு" என்றார். "இனிமே யாருக்கும் வைக்க வாணாம்."

டாக்டரம்மா அடுத்த ஊசியை எடுத்தார்.